முற்று

பிப்ரவரி. இரவு ஒன்று நாற்பது.
ஹார்டாங்கர் மேட்டுநிலத்தின் குறுக்கே ஒரு சாலை.
கிழக்கு முனையில் ஒரு தடுப்புக்கம்பம்,
மேற்கு முனையில் இன்னொன்று.
நடுவில் வெள்ளை.

புயல் நாட்களில்
பனிவாரி வண்டி முன்னே போகும்.
அதன் பின்விளக்கைப் பற்றிக்கொண்டு
கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும்.
கிழக்கிலிருந்து ஒரு தொடர்;
அது முழுக்க இறங்கிய பிறகே
மேற்கிலிருந்து ஒன்று.

பெர்கன் நகரில், மூன்றாம் மாடியில்,
யோருன் எழுதிய நிரலும் அப்படித்தான்.
இரண்டு ஓடைகள்:
கலக்காதே, கோத்துக் கொடு.

கலப்பது எளிது.
வந்தது வந்தபடி ஒரே வாய்க்காலில் விழும்.
திரையில் அது வெறும் எண்கள்.
மேலே, மூன்று மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத இடத்தில்,
அது எதிரெதிரே இரண்டு லாரிகள்.
ஆகவே கோத்தாள்.
முதலாவது 'முடிந்தது' என்று சொல்லும்வரை
இரண்டாவதின் பக்கம் நிரல் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஹால்வார் பனிவாரியைக் கிளப்பி,
பதினேழு வண்டிகளைப் பின்னால் கூட்டி,
காற்றுக்குத் தோளைக் கொடுத்து,
குச்சிக்குக் குச்சி வழி தேடி,
ஒருமுறை நின்று, எண்ணி, மறுபடி நகர்ந்து,
பதினேழும் மவுர்செட் வந்து சேர்ந்து,

அவ்வளவுதான்.
வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.
எச்சத்தின் மேல் எச்சம். முற்று வரவில்லை.

கடைசி வண்டியின் கூரையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி.
முடிவைச் சொல்லவேண்டியது அதுதான்.
மைனஸ் இருபத்து நான்கில்
அதன் மின்கலம் சுருண்டு படுத்துவிட்டது.

பிழை என்றால் சிவப்பு எரிந்திருக்கும்.
மௌனம் பிழையல்ல.
ஓடை இன்னும் திறந்திருக்கிறது, அவ்வளவே.
திரை அமைதியாக இருந்தது.
யோருன் ஓர் ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டாள்.

மேற்கு வரிசையில் பதினொரு வண்டிகள்.
பின்னால் பத்தொன்பது டன் சால்மனோடு ஒரு லிதுவேனியாக்காரர்.
கால்சியம் புட்டியைக் கோட்டுக்குள் அணைத்து
உறையாமல் காக்கும் ஒரு கால்நடை மருத்துவர்.
விவாகரத்துத் தாளில் கையெழுத்திட்டுவிட்டு
ஒரே காரில் திரும்பும் இருவர்.
பதினேழும் இறங்கியதை இவர்கள் கண்ணாலேயே எண்ணினார்கள்.
நிரலுக்கு மட்டும்தான் தெரியாது.

கேட்க ஆள் வரும்வரை தொடங்காத ஓடையைக்
'குளிர்ந்தது' என்பது யோருனின் தொழில் வழக்கு.
எஞ்சின் அணைத்த பதினொரு கார்களுக்கு
அந்தச் சொல்லில் உவமை எதுவும் தென்பட்டிருக்காது.

காற்றுமானி வேறு சாதி.
கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டே போகும்.
அதையும் அவள் மேற்குத் தொடருடன்தான் கோத்திருந்தாள்.
இரண்டு இருபதிலிருந்து இரண்டு ஐம்பத்தைந்துவரை
காற்று அடங்கியே இருந்ததாம்.
சொன்னது. வாங்க ஆளில்லை. போயிற்று.

மூன்று மணிக்குத் தொலைபேசி.
மருத்துவர்: "சாலை மூடியா, திறந்தா? ஒன்றைச் சொல்லுங்கள்."
யோருன் ஹால்வாரை வானொலியில் பிடித்தாள்.
"எல்லாரும் இறங்கி அரைமணி ஆச்சே.
பச்சை வரட்டும்னு உட்கார்ந்திருக்கேன்.
பெட்டி சொல்லலையா?"

'இருபது நிமிடம் கடந்தால் முடிந்ததாகக் கொள்'
என்று ஒரு வரி அடித்தாள்.
பார்த்தாள்.
இருபத்தோராம் நிமிடத்தில்
பனிமேட்டில் புதைந்து நிற்கும் ஒரு கார்
அந்த வரிக்குள் தெரிந்தது.
அழித்தாள்.

பிறகு கையாலேயே முடித்துவைத்தாள்.
மேற்கு ஓடை திறந்தது.
பதினொரு ஜோடி விளக்குகள் எரிந்தன.
அதற்குள் காற்றும் திரும்பியிருந்தது.
"போலாம், மெதுவா" என்றான் ஹால்வார்.
ஐந்தே காலுக்கு எல்லாரும் இறங்கினார்கள்.
பசு எழுந்ததா என்பது
எந்த ஓடையிலும் வரவில்லை.

இப்போது பனிவாரியின் முகப்பில் ஒரு பொத்தான் இருக்கிறது.
தடித்த கையுறையோடு ஹால்வார் அதை
எப்போதும் இரண்டுமுறை அழுத்துகிறான்.
முடிந்த ஓடை மறுபடி முடியாது என்று
யோருன் சொல்லிப் பார்த்தாள்.
தலையாட்டினான்.
நேற்றிரவும் இரண்டுமுறை.