இரண்டு மிச்சம்

சிப்பி உடைக்கும் பருவம் முடிந்து
காலி ஓடுகளைக் கம்பியில் கோர்க்கும் மாதம்.
தொங்யோங் துறைமுகத்துக் கொட்டகையில்
பதினோரு பெண்கள், ஒரு மின்விசிறி.
வானொலிக்காரன் சொன்னான்:
நாளையிலிருந்து கொரியாவில் எல்லோருக்கும்
ஒரு வயதோ இரண்டு வயதோ குறைகிறது.
சட்டம்.

யாரும் கைதட்டவில்லை.
ஓட்டில் ஓடு உரசும் சத்தம்
ஒரு நொடி நின்று
மறுபடி தொடங்கியது.

எங்களுக்குப் பிறந்த அன்றே ஒரு வயது.
புத்தாண்டுக்கு இன்னொன்று,
பந்தியில் பரிமாறுவதுபோல்
வரிசையில் இருக்கிற எல்லோருக்கும்.
நான் பிறந்தது டிசம்பர் இருபத்தொன்பது,
கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு
கோஜே தீவில் அடித்த கூடாரத்தில்.
நாலாம் நாள் எனக்கு இரண்டு வயது.
தொப்புள்கொடி காயவில்லை.
அம்மாவுக்குப் பாசி சூப் காய்ச்ச
இரவல் கேட்ட பானை இன்னும் வந்து சேரவில்லை.
அதற்குள் இரண்டு.

அன்றைக்கு முன்னால் ஓடிய வயதை
நான் ஒருநாளும் எட்டிப் பிடித்ததில்லை.
அது போய்க்கொண்டே இருக்கும்.
நான் பின்னால்,
செருப்பு வார் அறுந்த பிள்ளைபோல,
நில்லு நில்லு என்று.

"எழுபத்து நாலு எழுபத்திரண்டாகிறதே ஒக்புன்,
கிடைத்ததை என்ன செய்யப்போகிறாய்?"
கேட்டவள் பில்லே.
அதே வருடத்துக்காரி, ஆனால் பிப்ரவரி.
அவளுக்கு ஒன்றுதான் தள்ளுபடி.
ஒரே வயது என்பதால்
ஐம்பது வருடமாக வாடி போடி.
விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"இனி என்னை அக்கா என்று கூப்பிட வேண்டும்."
"செத்தாலும் மாட்டேன்."
"அப்படியானால் சீக்கிரம் செத்துவிடாதே."

போன மாதம் கைபேசிக் கடையில்
ஒரு பையன் என்னிடம் ஒவ்வொரு எழுத்தாக,
உரக்க,
கிணற்றுக்குள் விழுந்தவளிடம் பேசுவதுபோல் பேசினான்.
நானும் அதே உரக்க, அதே மெதுவாக
விலை கேட்டேன்.
அவனுக்குக் காது சிவந்தது.
உள்ளே எனக்கு முப்பத்தாறு.
கணவன் போன மறுவருடம்,
கூடை கட்டிய ஸ்கூட்டரில்
மீன் சந்தைக்குத் தனியாக ஓட்டக் கற்ற வயது.
அதற்குமேல் எண்ணவில்லை.
இளமை, கிளமை ஒன்றுமில்லை,
வேலை இருந்தது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.
எந்த இரண்டைத் திருப்பித் தருகிறார்கள்?
முதல் இரண்டு என்றால் அது நாலு நாள்தான்,
வைத்துக்கொள்ளட்டும்.
கடைசி இரண்டு என்றால் இன்னும் பார்க்கவே இல்லை.
நடுவிலிருந்து எடுத்துக்கொள் என்றால்,
அவர் இருமி இருமிப் படுத்துக் கிடந்த வருடத்தைத்தான்
முதலில் நினைத்தேன்.
ஆனால் அந்த வருடத்தில்தான் ஒரு மத்தியானம்
ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து
எனக்காகப் பெர்சிமன் பழம் உரித்தார்,
தோல் அறாமல், ஒரே சுருளாக.
அதைக் கொடுக்க முடியாது.
வேறு எதையும்கூட,
யோசித்துப் பார்த்தால்.

ராத்திரி உல்சானிலிருந்து மகன்.
வாரம் தவறாமல் அதே பேச்சு:
ஸ்கூட்டரை விற்றுவிடு அம்மா, எழுபத்து நாலு ஆச்சு.
"எழுபத்திரண்டு. செய்தி கேட்கவில்லையா?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு,
நாற்பது வருடமாக நான் கேட்காத ஒரு குரலில்:
"அம்மா, எனக்கும் ஒன்று குறைஞ்சிருக்கு."
சாப்பிட்டாயா என்று கேட்டேன்.
வேறென்ன கேட்பது.

மறுநாள் மழை, கொட்டகைக்கு விடுமுறை.
மழை விட்டதும் பில்லேயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு
கடற்கரைச் சாலையில் போனேன்.
எங்கே என்று அவள் கேட்கவில்லை.
எனக்கும் தெரியாது.
மூட்டு நேற்றைப் போலவே வலித்தது,
அதற்குச் சட்டம் போய்ச் சேரவில்லை போல.
பாலத்து இறக்கத்தில்
கைப்பிடியைத் தளர்த்தியபோது
என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:
"மெதுவாடி!
நான் உனக்கு மூத்தவள்!"