எட்டு அடி

வெள்ளி விடியுமுன் அஹ்மதியில்
மணற்புயல் விட்டுப்போனதைக் கூட்டுகிறோம்.
எண்ணெய்க் கம்பெனி கைகழுவிய நீச்சல்குளம்.
பம்புக்கு ரொடேல்,
பாசிக்கு நானும் சஜிமோனும்,
சாவிக்கும் சண்டைக்கும் பத்ரியா.
அவள் குரல் கேட்டாலே
நகராட்சிக்காரன் போனை வைத்துவிடுவான்.

வருஷத்துக்கு ஒருமுறை வடித்துவிடுவோம்.
அன்று மட்டும்
ஆழப்பக்கம் இறங்கி நடப்பேன்.
ஒரு கொண்டை ஊசி, யாருடைய பல் கம்பியோ,
ஈர சிமெண்டில் எவனோ கீறிய 1961.
தலைக்கு மேலே நீலத்தில்
எட்டு அடி.

டேங்கர்கள் மூன்று நாள் ஊற்றும்.
எனக்கு நீச்சல் தெரியாது.
பதினோரு வருஷமாக யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
முதல் நாள்
தண்ணீர் முழங்கால் தொடும்வரை
அங்கேயே நிற்பேன்,
தேய்க்க இன்னும் ஓடு பாக்கி இருப்பதுபோல.