ஃபேன் பெல்ட்

ஆறு வருடம் கழித்துத் தம்பி போன் செய்தது
ஒரு ஃபேன் பெல்ட்டுக்காக.
அப்பாவின் பழைய ஜஸ்தாவா காருக்கு
அந்தப் பக்கம் எங்கும் கிடைக்கவில்லையாம்,
பெல்கிரேடு இரும்புக் கடைகளில் தேட முடியுமா என்றான்.
நலமா என்று கேட்கவில்லை.
நானும்தான்.

தபாலில் போட்டிருக்கலாம்.
சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு
கடற்கரைக்குப் போகும் காலை ரயிலில் ஏறினேன்.

வல்யெவோ வரை சோளம்,
மறுபடியும் சோளம்.
உஜித்சேயில் எதிர் இருக்கைக்கு வந்தார் ரதிசாவ்.
மடியில் ஒரு பெட்டி ப்ளம் பழம்,
வாயில் ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஒரு கதை:
"என் மருமகன் இருக்கிறானே, அவன் அன்றைக்கு—"
சுரங்கம்.
சன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன.
இரும்பை இரும்பு அரைக்கும் சத்தத்தில்
மருமகன் என்ன செய்தான் என்று கேட்கவில்லை.
வெளிச்சம் வந்தபோது
"அதனால்தான் ஆட்டை விற்றுவிட்டேன்" என்று முடித்தார்.

வழி முழுக்க இப்படியே.
பாதி வாக்கியம், இருட்டு,
வேறொரு வாக்கியத்தின் பாதி.
இருட்டில் சொன்ன ஏதோ ஒன்றுக்கு
வெளிச்சத்தில் அவர் சிரித்தார்.
நானும் சிரித்து வைத்தேன்.
அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில்
எங்கள் வீட்டிலும் பேச்சு இப்படித்தான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அடுத்த சுரங்கம் வந்தது, நல்லதாகப் போயிற்று.

எல்லையில் இரண்டு முறை முத்திரை.
கொலாஷினில் மூக்கு சில்லிட்டது.
பிறகு ரயில் மலையின் விளிம்பைப் பிடித்தபடி
இறங்கத் தொடங்கியது.
மாலா ரியெகா பாலம் வந்ததும்
பெட்டி முழுவதும் ஒரு பக்கச் சன்னலுக்கு ஓடியது.
அடியில், வெகு அடியில்,
யாரோ தைத்துப் பிரித்த நூல்போல ஆறு.
அதுவரை கத்திக்கொண்டிருந்த ரயில்
அங்கே மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டது.
நாற்பது வருடமாக இதில் போகிறேன் என்றவர்
கண்ணை இறுக மூடிக்கொண்டு
பழப்பெட்டியைப் பிடித்திருந்தார்.

பொத்கோரிட்சாவில் அவர் இறங்கினார்.
என் மடியில் ஒன்பது ப்ளம்.
ஏரியைக் கடந்து கடைசிச் சுரங்கம்,
எல்லாவற்றிலும் நீளமானது.
அது முடிந்த இடத்தில், முன்னறிவிப்பே இல்லாமல்,
கடல்.

ஸ்டேஷன் வாசலில் வுகோதா நின்றான்.
தாடி. அப்பாவைவிட ஒல்லி.
"கொண்டு வந்தாயா?"
காரின் பின்மூடியைத் திறந்து காட்டினான்.
பெல்ட் இருக்கவேண்டிய இடத்தில்
இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு பெண்ணின் காலுறை.
"இதிலேயே இருபது கிலோமீட்டர் வந்தேன்,
ஓடுகிற வரை ஓடட்டும்."

வடக்கே போகிற சாலையில் கடல் இடது பக்கம்.
ஓட்டுகிறவனும் இடது பக்கம்.
கடலைப் பார்க்க வேண்டுமானால்
அவன் முகத்தைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும்.
என் பக்கம் வெறும் பாறை,
பாறையில் ஒட்டிக்கொண்ட மாதுளைச் செடி.
பாறையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
சுரங்கமில்லாத சாலையில்
பேசாமலிருக்க ஒரு காரணமும் கிடைப்பதில்லை.

சுதோமோரே தாண்டிக் கேட்டேன்:
"காலுறை யாருடையது?"
"நெவெனாவுடையது."
"நெவெனா யார்?"

வாயைத் திறந்தான்.
சாலை வளைந்து மலைக்குள் நுழைந்தது.
சின்னச் சுரங்கம்தான், எட்டு வினாடி இருக்கும்.
எதிரே ஒரு லாரி.
மங்கிய விளக்கில் அவன் உதடுகள்
நெடுநேரம் அசைந்துகொண்டே இருந்தன,
ஆறு வருடத்தில் நான் பார்த்திராத அளவுக்கு.
வெளியே வந்தபோது
"...அக்டோபரில்" என்று முடித்தான்.

போன அக்டோபரா, வருகிற அக்டோபரா?
கல்யாணமா, குழந்தையா?
முகத்தைப் பார்த்தேன்.
அதற்குப் பின்னால் கடல்
மீன் செதிலாகக் கண்ணைக் கூசியது.

புல்யாரிட்சா மேட்டில் காலுறை அறுந்தது.
ஆவி. கொதிக்கும் தண்ணீர் நாற்றம்.
ஓரமாக நிறுத்தினான்.
அறுந்ததை எறிந்துவிடுவான் என்று நினைத்தேன்.
சட்டையில் துடைத்து, நான்காக மடித்து,
மார்புப் பையில் வைத்துக்கொண்டான்.

அவன் கேட்பதற்கு முன்பே கைப்பையைத் திறந்தேன்.
உள்ளே எல்லாவற்றிலும் ரப்பர் வாசம்:
சீப்பில், கைக்குட்டையில், மிச்சமிருந்த ப்ளம் பழத்தில்,
நாளைக்கே திரும்பும் டிக்கெட்டில்.