எந்தப் பாதி

"பாதிக் குளிர் தாங்கும்" என்றிருந்தது
தொட்டியில் செருகிய சீட்டில்.
எந்தப் பாதி என்று எழுதவில்லை.

ஐமவுத்தில் குளிர் பாதியாக வருவதில்லை.
துறைமுகம் தாண்டி, மீன் பெட்டிகள் தாண்டி
கீழைக் காற்று
வாடகை பாக்கிக்கு வருகிறவன் போல
நேரே வாசலுக்கு வரும்.

இருந்தும் வாங்கினேன்.
சியனோத்தஸ். வாயில் நுழையாமல்
நீலம் என்றே கூப்பிட்டேன்.
ஆர்ச்சி டாட்ஸ் வீட்டுப் பக்கச் சுவர்தான்
என் தோட்டத்துக்கு வடக்கு எல்லை.
அதன் அடியில் நட்டேன், தெற்கு வெயில் படட்டும் என்று.
சுவர் அவருடையது, வெயில் என்னுடையது.
குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்ற வழக்கில்
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை எங்களுக்கு.

நாலு பனிக்காலம் பச்சை மாறவில்லை.
மே மாதம் தேனீக்கள் இரைய இரைய
நீலம் பொங்கி வழியும்.
என் கை ராசி என்று
மீன் கூடத்தில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஐந்தாம் வருஷ ஜனவரியில் டாட்ஸ் படியில் சறுக்கி
இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரி போனார்.
இஷ்பெல் சொல்லித்தான் தெரியும்.
"பாவம்" என்றேன், மீனைக் கீறிக்கொண்டே.

மூன்றாம் வாரம்
இலைகள் தேயிலைத்தூள் நிறத்துக்கு வந்தன.
பழைய திரைச்சீலையைப் போர்த்திவிடப் போனபோது
புறங்கை சுவரில் பட்டது.
ஐஸ்.

அப்போதுதான் உறைத்தது.
அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அடுப்பு.
கல்லுக்குள்ளே புகை ஏறுகிற வழி.
நாலு வருஷமாய் அவர் விறகில்
குளிர்காய்ந்திருக்கிறது
என் கை ராசி.

நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன்.
ஒரு மயிரிழைப் பச்சை.
வேறு கிளையில் கீறினேன்.
அதில் இல்லை.

மார்ச்சில் ஊன்றுகோலோடு திரும்பினார்.
அன்று மாலையே புகை.
துளிர்த்தது பாதிச் செடி,
புகைபோக்கிப் பக்கத்துப் பாதி.
முற்றிய கட்டை மறுபடி தழைக்காது;
மிச்சத்தை ரம்பத்தால் அறுத்தேன்.

சத்தம் கேட்டு மாடி ஜன்னல் திறந்தது.
"உன் செடியால் என் சுவரெல்லாம் ஈரம்."
பேச்சு நின்ற பிறகு முதல் வாக்கியம்.
"தெரியும்" என்றேன்.
எது தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

அக்டோபரில் ஒருநாள்
நன்றாய்க் காய்ந்த பிர்ச் விறகு, ஒரு மூட்டை,
இருட்டியபின் அவர் வாசலில் இறக்கினேன்,
அந்தக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்.
யாராவது கேட்டால்
செடிக்கு உரம் என்பேன்.