ஒட்டாமல் போன பதினெட்டாயிரம்

சுல்தான்பேட்டையில் என் அச்சகம்.
கல்யாணப் பத்திரிகை, ஊதுபத்தி அட்டை,
தைல டப்பாவின் சுற்றுத்தாள்,
அப்புறம்
ஒன்பது தோட்டங்களின் ஒயின் லேபிள்.

நான் குடிப்பதில்லை.
அந்தக் குன்றின் ஒயினைத் தாளாகத்தான் தெரியும்.
பருத்தி கலந்த தாள்,
ஐஸ் வாளியில் முக்கால் மணி நேரம் கிடந்தாலும்
மூலை தூக்கக் கூடாது.
என் கை கழுவும் தொட்டியில் பாட்டிலை முக்கிவிட்டு
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார் ரெபெல்லோ.

ஆரம்பத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால்
ரெசிடென்சி சாலை ஓட்டல்களில் கேட்பார்கள்:
“அங்கே ஜல்லிதானே கிடைக்கும்?”
அதனால்தான்
ஊர்ப் பெயர் பெரிதாக, அவரவர் பெயர் பொடியாக
என்று முடிவு.
அதற்கே நாலு கூட்டம், ஒரு சண்டை.
பச்சேகவுடா தன் மீசைப் படம் வேண்டுமென்றார்.
மீசை தோற்றது.

கொடிக்கு இத்தனை குலைதான்,
மிச்சத்தைப் பிஞ்சிலேயே வெட்டு என்று ஒரு விதி.
சன்னம்மா சொன்னாள்,
கீழே விழுந்ததைப் பார்க்காமல்
கத்தரியை மட்டும் பார்த்துக்கொண்டே
வரிசை முழுக்க நடந்தாளாம்.

ஏழாவது வருஷம்
பறிப்புக்கு நாலு நாள் முன்னால்
மார்ச்சில் வரக்கூடாத மழை.
இங்கே மெஜஸ்டிக் பாலத்தடியில் பஸ் நின்றது.
அங்கே திராட்சை தண்ணீர் குடித்து ஊதியது.
நானோ அதற்கு முந்தின வாரமே
தங்க ஃபாயில் அடித்துப்
பதினெட்டாயிரத்தையும் கட்டி வைத்திருந்தேன்.

ருசி பார்க்க என் மாடிக்குத்தான் வந்தார்கள்.
யாருடைய தோட்டமும் இல்லாத இடம் வேண்டுமாம்.
பாட்டில்களுக்கு நான்தான் காகிதம் சுற்றி
எண் போட்டேன்.
கழிவு மை வாளியில் துப்பினார்கள்.
மின்விசிறிச் சத்தம்.
வெகுநேரம் அதுமட்டும்.

“ஆறாம் எண்ணில் மழை இருக்கு” என்றாள் சன்னம்மா.
காகிதத்தைப் பிரித்தேன்.
ஆறு, அவளுடையது.

பச்சேகவுடா எழுந்தார்.
“பேங்க்காரன் நாக்கை வைத்தா தவணை வாங்குகிறான்?
போட்டு விற்போம், யாருக்குத் தெரியும்?”
யாரும் பதில் சொல்லவில்லை.
அவரே நாலாம் எண்ணை மறுபடி எடுத்து
வாயில் வைத்து, யோசித்து,
வாளி வரை போகப் பொறுமையில்லாமல்
ஜன்னல் வழியே துப்பினார்.
கீழே எவனோ திட்டினான்.
பிறகு கையெழுத்துப் போட்டார்.

அத்தனையும் வினிகர்க்காரருக்குப் போயிற்று,
பெயரில்லாமல், டேங்கரில்.

எனக்குப் பாதிப் பணம் பாக்கி.
அடுத்த வாரம் யஷ்வந்த்பூரிலிருந்து
ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார்.
“லேபிள் மட்டும் கொடுங்க,
பாட்டிலை நான் பார்த்துக்கறேன்.”
மூன்று மடங்கு சொன்னார்.
நாளைக்கு வாங்க என்றேன்.
வேண்டாம் என்று சொல்லவில்லை,
அதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்றிரவு வெட்டு இயந்திரத்தில் வைத்து
கட்டுக் கட்டாக, குறுக்கே.
பசை கத்தியில் ஏறிப்போய்
இரண்டு நாள் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தோம்.

இப்போது அதே ஓட்டல்களின் மெனு அட்டையும்
நான்தான் அச்சடிக்கிறேன்.
குன்றின் பெயருக்குக் கீழே வருஷங்கள் வரிசையாக.
புரூஃப் பார்க்கும் எஸ்தர்
சிவப்பில் சுழித்துக் கொண்டுவந்தாள்,
“நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போச்சு சார்.”
இருக்கட்டும் என்றேன்.
விலையைப் பார்த்துவிட்டு
அதிலும் ஒரு சைபர் கூடுதலோ என்றாள்.

வெட்டும்போது ஒன்று தப்பித்து
என் முழங்கையில் ஒட்டியிருந்தது.
உரித்து, கைக்கு எட்டியதில் ஒட்டிவைத்தேன்.
அந்த வருஷத்து லேபிளோடு
உலகத்தில் இருப்பது
ஹைடல்பெர்க் இயந்திரத்துக்கு விடும்
எண்ணெய் டப்பா ஒன்றுதான்.
மூலை இன்னும் தூக்கவில்லை.