பத்துக் கிலோவுக்குக் கீழே

வத்தலக்குண்டு எடைமேடையில் சீட்டுக் கிழிப்பவள் நான்.
தேங்காய், மணல், வைக்கோல்,
ஒருமுறை ஒரு தேர்ச்சக்கரம்.
எல்லாம் என் சன்னலுக்கு முன்னால் நின்று
எண்ணாகிப் போயிருக்கின்றன.

லூர்து அந்தக் கேரவனை ஓட்டி வந்த அன்றே
மேடையில் ஏற்றச் சொன்னேன்.
கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில்
மிச்சத் தகட்டில் அடித்தது.
இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு,
திரைச்சீலைக்கு என் மறுவீட்டுச் சேலை.
எழுநூற்று நாற்பது.
'காலியாகவா?' என்றேன்.
'காலியாக' என்றான்,
மார்க் ஷீட்டை நீட்டும் பையனின் முகத்தோடு.

பிறகு டவேராவுக்குப் பெரிய சக்கரம் போட்டான்.
மலையில் அடிவயிறு தட்டாதாம்.
காஜா பாய் மாற்றித் தந்தார்,
'ஏத்தத்துல இழுக்காது தம்பி' என்று
காசை எண்ணிக்கொண்டே சொன்னார்.

எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டும்.
பழைய சக்கரம் ஐந்நூறு சுற்றில் கடந்த கிலோமீட்டரைப்
புதியது நானூற்றைம்பத்தைந்தில் முடித்துவிடுகிறது.
முள் நாற்பதில் நின்றால்
நாங்கள் நாற்பத்து நாலில் போகிறோம்.
எடையில் இப்படிப் பிசகினால்
மேடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள்.

கார் உயர்ந்ததில் கொக்கியும் உயர்ந்தது.
கேரவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது,
சீர் குறைந்த கல்யாணத்துக்கு வரும் நாத்தனாராக.
பட்டிவீரன்பட்டி தாண்டுமுன்
உள்ளே அரிசிப் பானை பின்சுவருக்குப் போய்விட்டது.
ஜெனிபா காதைத் தீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள்:
இது பானை.
இது கரண்டி.
இது அப்பாவோட டார்ச்சு, ஒடஞ்சிருச்சு.

ஏற்றத்தில் இரண்டாவது கியர் கைவிட்டது.
முதலாவது முக்கியது.
கிளட்ச் கருகும் வாடை.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை,
லூர்து கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

பெரும்பாறைக்கு முந்திய வளைவில்
கார் நின்று, யோசித்து,
பின்னால் போகத் தொடங்கியது.
'கல்லு! கல்ல வையி!'
செருப்பில்லாமல் குதித்தேன்.
ஓரத்தில் கிடந்ததைத் தூக்கும்போதே
நாலு கிலோ என்றது கை.
கேரவன் சக்கரத்தடியில் கொடுத்தேன்.
ஒரு நெறிப்பு. நின்றது.

தாண்டிக்குடியிலிருந்து இறங்கிய பஸ்ஸுக்கு வழியில்லை.
ஆட்கள் இறங்கினார்கள்.
'சினிமாக்காரங்களா?'
'இல்லீங்க, குடும்பம்.'
கொக்கியைக் கழற்றிக் கையாலேயே திருப்பினோம்.
பலாப்பழத்தைக் கீழே வைத்துவிட்டுத்
தோள் கொடுத்த ஒருத்தி கேட்டாள்:
'உள்ள ஆரு இருக்கா?'
'ஆருமில்ல.'
'பொறவு ஏன் இம்புட்டுக் கனம்?'

என் தொழிலே அதுதான். பதில் வரவில்லை.

தாண்டிக்குடி போய்ச் சேரவில்லை.
மங்களங்கொம்பில் ஒரு காப்பிக் களத்தில்
கேட்டு, நிறுத்திக்கொண்டோம்.
மீட்டரில் முப்பத்தொன்று.
களத்துக்காரர் முப்பத்து நாலு என்றார்.
'மூணு கிலோமீட்டர் சும்மா வந்திருக்கோம்டி'
என்றான் லூர்து.
அன்றைக்கு அப்போதுதான் சிரித்தான்.

படுக்கை சரிவாக இருந்தது.
பனி சேலைக்குள் நுழைந்து நுழைந்து போனது.
விடியும்போது மூவரும்
பின்சுவரோரம், அரிசிப் பானையோடு
ஒரே குவியலாகக் கிடந்தோம்.
என் முழங்கை யார் வயிற்றில் என்று
தேட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை,
வாழைத்தார் இறக்கி, பாய் உதறி,
பானையையும் எடுத்த பிறகு
மறுபடி மேடையில் ஏற்றினேன்.
எழுநூற்று நாற்பது. சீட்டு விழுந்தது.

சாயங்காலம் பெருக்கப் போனபோது
படுக்கைக்கு அடியில் அந்தக் கல்.
ஜெனிபாவின் ரிப்பன் சுற்றி,
கிரீஸ் கறையோடு.
எங்கள் மேடை
பத்துக் கிலோவுக்குக் கீழே பார்ப்பதில்லை.