ஓர் இரவு வெளியே நிற்கட்டும்

உலான்பாத்தரில் ஜனவரி.
சந்தையில் வண்டிகள் வெள்ளை பூத்து நிற்கின்றன,
கண்ணாடிப் பனியில் விரலால் எழுதிய விலைகளோடு.
ஓர்சூ டயரை உதைத்துப் பார்க்கிறான்.
உதைத்தால் என்ன தெரியுமோ,
வந்த ஆண்கள் எல்லோரும் உதைக்கிறார்கள்.

என் கையுறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு.
கம்பளி ஆலையில் கண்டு எண்ணுகிற புத்தி
அடுப்பில் கரி தள்ளிக்கொண்டே எழுதியது:
ஒரு கோடியே ஐந்து லட்சம் துக்ரிக்.
அந்த ஐந்து லட்சம் அண்ணியுடையது,
அதனால் வியாழக்கிழமை வண்டி அவளுக்கு.
பேச்சு முடிந்துவிட்டது, வண்டிதான் இல்லை.

ஓர்சூவின் கண் ஒரு ஜீப்பின் மேல்.
கறுப்பு. உயரம்.
ஏறி உட்கார்ந்தால்
அவன் தம்பி வீட்டு வேலிக்கு மேலே பார்க்கலாம்.
பிரியஸைவிட இருபது லட்சம் குறைவு.
ஏன் குறைவு என்று கேட்டேன்.
விற்கிற கோம்போ வானத்தைப் பார்த்தார்.
நூறு கிலோமீட்டருக்குப் பதினாறு லிட்டர்.
யானையை இனாமாகக்கூடத் தருவார்கள்,
தீனியை யார் தருவார்கள்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது இந்த ஊரில்:
ஓடுகிற பெட்ரோல் வேறு, நிற்கிற பெட்ரோல் வேறு.
பக்கத்துக் கூடாரத்துக்காரர்
இரவு மூன்று மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்
வண்டியை அரைமணி உறுமவிட்டுத் திரும்புவார்,
எஞ்சின் உறைந்துவிடுமே என்று.
எங்கும் போகாத பயணம்.
அவர் நின்ற இடத்திலேயே எரித்ததில்
மார்ச்சுக்குள் ரஷ்ய எல்லையைத் தொட்டிருக்கலாம்.

ஆகவே விற்றவர்களிடமெல்லாம் ஒன்றே கேட்டேன்.
ஓர் இரவு வெளியே நிற்கட்டும்,
போர்வை கூடாது,
காலை ஆறுக்கு வருகிறேன்.
ஒருவர் சிரித்தார்.
ஒருவர், வாங்கிப்போய் உன் வாசலில் நிறுத்து என்றார்.
கோம்போவுக்கு ஒரு போன் வந்தது,
மணி அடிக்காமலே.

நான்சல்மா மட்டும் சரி என்றாள்.
பல்மருத்துவப் படிப்புக்குக் கட்டணம் பாக்கியாம்.
பழைய பிரியஸ், இடது கதவு மட்டும் வேறு நீலம்.
அடிபட்டதா என்றேன்.
மாடு ஒன்று சாய்ந்தது,
மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாள்.

காலை ஆறு. மைனஸ் முப்பத்தொன்று.
கரிப்புகைக்குள் தெருவிளக்கு
உடைந்த முட்டையின் மஞ்சளாய்.
பொத்தானை அழுத்தினாள்.
சத்தமே இல்லை.
ஓர்சூ என்னைப் பார்த்தான்,
வாயைத் திறக்காமல் ஜீப் என்றான்.
நான் சீட்டை மடிக்கத் தொடங்கியிருந்தேன்.
ஸ்டார்ட் ஆகிவிட்டது அக்கா, என்றாள்.
முகப்பில் சின்னதாய் ஒரு பச்சை எழுத்து.
பிறகு, மெதுவாக,
உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பேட்டரி இன்னும் எத்தனை குளிர்காலம் வரும்?
தெரியாது, என்றாள்.
நாள் முழுக்கச் சந்தையில்
ஒருவர் வாயிலும் கேட்காத சொல்.
அந்தத் தெரியாதுக்கு மூன்று லட்சம் குறைக்கச் சொன்னேன்,
இரண்டு குறைத்தாள்.
அந்த இரண்டும் ஒரு தொட்டி பெட்ரோலுக்கும்
ஒரு மூட்டை மாவுக்கும் போயிற்று.

பெட்ரோல் போடும் இடத்தில்தான்
நம்பர் பலகையின் பனியைத் துடைத்தேன்.
நான்கில் முடிகிறது.
நான்கில் முடிந்தால்
வியாழக்கிழமை நகரத்துக்குள் ஓட்டக்கூடாது.

ஓர்சூ சிரிக்கத் தொடங்கியவன் நிறுத்தவே இல்லை.
முகப்புப் பெட்டியிலிருந்து ஒரு ஜப்பானியப் பெண்குரல்
பணிவாக ஏதோ சொல்கிறது,
எந்தக் கடலோரத் தெருவில் திரும்பச் சொல்கிறதோ.
ஆகட்டும் அம்மா என்று அவளுக்குச் சொல்லிவிட்டு
அவன் நேராகவே போகிறான்.

நான் சீட்டைத் திருப்பி
அண்ணியிடம் சொல்லவேண்டியதை எழுதுகிறேன்.
முதல் வரி:
குளிரில் ஸ்டார்ட் ஆகிறது.
இரண்டாம் வரி இன்னும் வரவில்லை.